டப்பா வாங்கும் முன்: சத்துப்பொடி, மாத்திரை, குமரி அடுக்களை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்தில் விடியும் முன் ரப்பர் வெட்டப் போகிறவர்கள், காலையில் ஓடுகிறவர்கள், சாயங்காலம் ஜிம்முக்கும் பந்து விளையாடவும் போகிற பிள்ளைகள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். முதலில் தட்டில் என்ன விழுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். எந்தச் சத்து குறைகிறதோ அதை மட்டும், குறைகிற அளவுக்கு மட்டும் வெளியில் வாங்கினால் போதும்.

ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். இது சாதாரண நடமாட்டம் உள்ளவருக்கு. வாரத்தில் நாலைந்து நாள் வியர்க்க வியர்க்க உழைப்பவர், எடை தூக்குபவர், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுபவர் 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். அதற்கு மேல் போட்டாலும் தசை கூடுவதில்லை. காசு மட்டும் கரையும்.

எடை என்பது இருக்க வேண்டிய எடை. 95 கிலோ இருப்பவர் 95-ஐப் பெருக்கிக் கணக்குப் போட வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு புரதம் வீட்டுச் சாப்பாட்டில் வருமா?

வரும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளை அப்படியே எழுதிப் பார்ப்போம். காலையில் புட்டும் கடலைக்கறியும்: 80 கிராம் அரிசிமாவில் 6 கிராம், வேகவைக்கும் முன் 40 கிராம் இருந்த கடலையில் 8 கிராம். கூட இரண்டு முட்டை, 12 கிராம். மத்தியானம் 120 கிராம் அரிசிச் சோற்றில் 9, முள்ளும் தலையும் போக 100 கிராம் சாளைமீனில் (வடக்கே மத்தி என்பார்கள்) 19, ஒரு கிண்ணம் தயிரில் 3. நாலு மணிக்கு ஒரு பிடி நிலக்கடலை, 30 கிராம் என்றால் 7. ராத்திரி கஞ்சியும் பயறும்: அரிசியில் 5, 40 கிராம் சிறுபயறில் 9. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், 6. கூட்டினால் 84. பொடி ஒரு கரண்டிகூட விழவில்லை.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் காலையில். இரண்டு தோசை, ஒரு சாயா என்று கிளம்பினால் அந்த வேளையில் 5 கிராம்தான் கிடைக்கும். அப்புறம் ராத்திரி ஒரே இருப்பில் கோழியைச் சாப்பிட்டு ஈடுகட்டப் பார்ப்பார்கள். மூன்று வேளையிலும் 20 கிராமுக்குக் குறையாமல் பிரித்துச் சாப்பிட்டால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். காலை வேளையை மட்டும் சரிசெய்தாலே பாதிப் பேருக்குப் பொடி தேவைப்படாது.

மீனும் முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் நெருக்கடிதான். அவர்களுக்குச் சோயா உருண்டை பெரிய உதவி. ஊறவைக்கும் முன் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம் வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, தேங்காய் அரைத்த மசாலாவில் போட்டால் வாடை தெரியாது.

மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) சாப்பிட்டால் பலம் வரும் என்கிறார்களே?

உழைக்க வேண்டிய எரிபொருள் வரும். தசைக்கு வேண்டிய புரதம் வராது. 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல் இருக்கிறது, புரதம் ஒரு கிராமைச் சுற்றித்தான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக இதைத் திருவிதாங்கூரில் பரப்பியபோது, ஏழையின் வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். இங்குள்ள அடுக்களைகள் அதோடு மீன்கறியைச் சேர்த்ததில் பெரிய நன்மை இருக்கிறது. கிழங்கில் சயனைடு தரும் பொருள் கொஞ்சம் உண்டு. உடம்பு அதை முறிக்கக் கந்தகம் உள்ள அமினோ அமிலம் (புரதத்தின் சிறு கூறு) வேண்டும். மீன் அதைத் தருகிறது. ஆகவே கிழங்கும் கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத சாயா) மட்டும் என்பதை வழக்கமாக்க வேண்டாம். நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கை அப்படியே தூர எறியுங்கள்.

சக்கையும் (பலா) இதே கதைதான். சக்கைக்காயை இறைச்சிக்கு மாற்று என்று விற்கிறார்கள். நார் நன்றாக உண்டு, மென்றால் இறைச்சி மாதிரி இருக்கும், புரதம் மட்டும் 100 கிராமுக்கு 2, 3 கிராம்தான்.

முளைகட்டிய பயறு 100 கிராமில் 24 கிராம் புரதம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

இல்லை. 24 என்பது காய்ந்த பயறின் கணக்கு. 100 கிராம் பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு ராத்திரி முளைகட்டினால் தண்ணீரைக் குடித்து 250 கிராமுக்கு மேல் ஆகிவிடும். முளைகட்டிய பிறகு நிறுத்தால் 100 கிராமுக்கு 8, 9 கிராம்தான். முளை நீளமாக நீளமாக இன்னும் குறையும். பருப்பு, பயறு, சோயா எதுவானாலும் காய்ந்த நிலையில் நிறுத்துக் கணக்கு எழுதுங்கள்.

முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிட ஐந்து நிமிடம் ஆவியில் வைப்பது நல்லது. முளை வருகிற அதே சூட்டிலும் ஈரத்திலும்தான் கிருமியும் பெருகும்.

வே புரோட்டீன் வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் 20, 25 கிராம் குறைகிறது, சமைக்க நேரமில்லை என்றால் வாங்கலாம். வே என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தெளிந்த நீரை உலர்த்திய பொடி. மாயம் ஒன்றும் இல்லை, பயமும் வேண்டாம்.

டப்பாவின் முன்பக்கத்தைத் திருப்பிவிட்டு பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு கரண்டி எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்ற இரண்டு எண் போதும். 33 கிராம் கரண்டியில் 24 கிராம் புரதம் என்றால் நூற்றுக்கு 73; கான்சன்ட்ரேட் என்ற சாதாரண வகைக்கு இது சரி. இன்னும் சுத்திகரித்த ஐசோலேட் என்று போட்டிருந்தால் 85-க்கு மேல் இருக்க வேண்டும். 50-க்குக் கீழே இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும்தான். எடை கூட்டும் பொடி, மாஸ் கெய்னர் என்று விற்பவற்றில் பல இப்படித்தான்.

அடுத்து அமினோ அமிலப் பட்டியல். 24 கிராம் வே புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டரை கிராமைச் சுற்றி வர வேண்டும். உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாகச் சேர்த்திருந்தால் ஜாக்கிரதை. புரதத்தை ஆய்வில் நைட்ரஜனை வைத்து அளப்பார்கள். மலிவான கிளைசினைக் கொட்டினாலும் நைட்ரஜன் கூடும், லேபிளில் புரதம் கூடியதாகத் தெரியும். 2024-ல் கேரளத்து மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 பொடிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது.

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் உரிமம் இருக்கிறது என்று காட்டும். வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். பிரித்து, நிறுத்து, பொட்டலமாகத் தரும் பொடியை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

வே குடித்தால் வயிறு உப்பிக் கடமுட என்கிறது.

பால் சர்க்கரை சேராத வயிறு. கான்சன்ட்ரேட்டில் லாக்டோஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பாலில் கலப்பதை விட்டுத் தண்ணீரில் கலந்து, அரைக் கரண்டியில் தொடங்குங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஐசோலேட்டுக்கு மாறலாம், அல்லது விட்டுவிட்டு முட்டைக்கே திரும்பலாம். கொதிக்கிற சாயாவில் போட்டால் முறுக்கிக்கொண்டு திரியும். ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை பெய்யும் ஊர் நம்முடையது. ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனாலே பொடி கட்டிபிடித்துவிடும்.

கிரியேட்டின் கிட்னியைக் கெடுக்குமா?

ஆரோக்கியமான கிட்னியைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. தசைக்குச் சட்டென்று சக்தி தரும் இந்தப் பொருள் பல ஆண்டுகளாக நன்றாக ஆராயப்பட்டது. பயம் எங்கிருந்து வருகிறது என்றால், கிரியேட்டின் உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவு அது. இதைச் சாப்பிடுகிறவரின் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டும். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர்கள், ஒற்றைக் கிட்னி உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

வாங்குவதானால் மோனோஹைட்ரேட் என்ற வகை மட்டும். தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி, ஓய்வு நாளிலும் விடாமல். முதல் வாரம் 20 கிராம் போடச் சொல்வார்கள். அவசியமில்லை; மூன்று நாலு வாரத்தில் தசையில் அதே அளவு சேர்ந்துவிடும், வயிற்றுப்போக்கும் இருக்காது. எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். அது தசைக்குள் போகும் தண்ணீர். எடை தூக்குபவருக்கும் குறுகிய வேக ஓட்டத்துக்கும் உதவும். நீண்ட தூரம் ஓடுபவருக்கு அந்தக் கூடுதல் எடை சுமைதான்.

பிசிஏஏ (லூசின் உட்பட மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த பொடி) வேண்டுமா?

தேவையில்லை. போதுமான புரதம் சாப்பிடுகிறவருக்கு அந்தப் புரதத்துக்குள்ளேயே அது இருக்கிறது.

சியா, கினோவா வாங்கினால்தான் ஆரோக்கியமா?

கினோவாவில் 100 கிராமுக்குப் புரதம் 14 கிராம். சிறுபயறில் 22-க்கு மேல். கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான், ஆனால் கால்சியம் 350 மில்லிகிராம் வரை. பாலில் 100 மில்லிக்கு 120. பிடித்திருந்தால் கினோவா சாப்பிடுங்கள், உடம்புக்காக என்று கடன்பட வேண்டாம்.

சியா நார்ச்சத்துக்கு நல்லது. உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவே கூடாது. தொண்டைக்குழியில் ஊதி அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஒரு ஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 20 நிமிடம் ஊற வேண்டும். ஆளி விதையை அரைத்துத்தான் சாப்பிட வேண்டும். முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே போகும்.

மீன் எண்ணெய் மாத்திரை நல்லதா, சாளைமீன் போதுமா?

சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் உபயோகமான ஒமேகா-3 (இபிஏ 180, டிஎச்ஏ 120) மொத்தம் 300 மில்லிகிராம்தான். மீதி வெறும் எண்ணெய். கொழுத்த பருவத்துச் சாளை 100 கிராமில் ஒரு கிராமைச் சுற்றிக் கிடைக்கும், கூடவே 19 கிராம் புரதம், முள்ளோடு மென்றால் கால்சியம். வாரத்தில் இரண்டு நாள் சாளைக்குழம்பு வைக்கிற வீட்டுக்கு மாத்திரை வேண்டாம். குழம்பாக வையுங்கள், ஆழ்ந்த எண்ணெயில் பொரித்தால் நல்ல கொழுப்பு பொரிக்கிற எண்ணெயில் இறங்கிவிடும். சியாவிலும் ஆளியிலும் உள்ள ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மீனில் உள்ள வகையாக மாற்றுகிறது.

மீன் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் 'சாகர் ராணி' சோதனையில் எல்லைச் சோதனைச்சாவடிகளில் பார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிந்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் சதை திரும்பி எழ வேண்டும். மீன்வாடையே இல்லாமல், ஈ ஒன்றுகூட மொய்க்காமல் விறைத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். சாளையில் இன்னொரு சிக்கல்: ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை தரும் பொருள் உருவாகும். அது எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்கியதும் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள்.

முருங்கைப் பொடி வீட்டிலேயே செய்வது எப்படி?

இணுக்குகளைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உதறி, ஈரம் வடிந்தபின் இலையை உருவுங்கள். காம்பு கலக்கக் கூடாது. காம்பில் தங்கும் ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத்துணியில் ஒரே அடுக்காக, காற்று வரும் நிழலில் மூன்று நாலு நாள். வெயிலில் போட்டால் பச்சை வெளிறும், வைட்டமின் ஏ தரும் சத்து போய்விடும். கையில் நொறுக்கினால் சருகு மாதிரி சத்தம் வர வேண்டும். ஏழெட்டுக் கிலோ இலைக்கு ஒரு கிலோ பொடி கிடைத்தால் சரி. மழைக்காலத்தில் முயற்சி வேண்டாம். பச்சை இலையைத் துவரனாக (தேங்காய் போட்ட பொரியல்) வைத்துச் சாப்பிடுங்கள், அதுவே மேல்.

தினம் ஒரு ஸ்பூன், அடுப்பை அணைத்தபின் கஞ்சியிலோ சம்மந்தியிலோ (தேங்காய்த் துவையல்) கலக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. இதில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஏன்?

பெண்பிள்ளைகள் ஓட்டத்தில் சீக்கிரம் மூச்சுவாங்க முதல் காரணமாகப் பார்க்க வேண்டியது இரும்புக் குறைவு. மாத்திரை வேலை செய்யாததற்குப் பொதுவான காரணம், அதைச் சாயாவோடு விழுங்குவது. சாயா, காப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பைக் கட்டிப்போடும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் எலுமிச்சை நீரோடு, அல்லது ஒரு கொய்யாவோடு எடுத்தால் நன்றாக ஏறும். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். விட்டுவிடுவதைவிட அது நல்லது. மலம் கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடம்பு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பை எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுத் தொல்லையும் குறையும். டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். ஃபெரிட்டின் சரியாக இருந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் தன்மை இருக்கலாம். அவர்களுக்கு இரும்பைக் கொட்டினால் கெடுதல். சிறுபிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இந்த மாத்திரையை வைக்கவே கூடாது. மிட்டாய் என்று நாலைந்தை விழுங்கினால்கூட உயிருக்கு ஆபத்து.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

வைட்டமின் டி, பி12 எல்லோரும் சாப்பிட வேண்டுமா?

டி குறைவு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதே முறை. 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித் தருவார்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் கிட்னிக் கல்லுமாகப் படுத்தவர்கள் உண்டு. காலண்டரில் ஒரு கிழமையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள்.

பி12 மீன், முட்டை, பால், இறைச்சியில் மட்டும்தான். சுத்த சைவக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் சோதித்துப் பார்க்க வேண்டும். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும்; அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பிருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதாகச் சொல்லும் பி12 உடம்புக்கு உதவாத வகை.

ஓடி முடித்ததும் இளநீர் போதுமா?

முக்கால் மணி நேர ஓட்டத்துக்குப் போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். பங்குனி வெயிலில் ஒன்றரை மணி நேரம் பந்து விளையாடியவருக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் பொருத்தம். விளையாடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல்தான். பொட்டலம் 200 மில்லிக்கா, ஒரு லிட்டருக்கா என்று படித்துக் கரையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாகத் தட்டி. இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்வதை 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ நிறுத்தியது.

ஓட்டத்துக்கு முன் என்ன சாப்பிடலாம்?

முக்கால் மணி நேரம் முன்பு ஒரு பழுத்த ஏத்தன்பழம் (நேந்திரன்). 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து வரும், வயிற்றில் கனக்காது. விடியற்காலையில் அது பாரமாக இருந்தால் இரண்டு மட்டிப்பழம். பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பொடிகளில் பெரும்பங்கு வேலை செய்வது காப்பியில் உள்ள கஃபீன்தான், ஒரு கரண்டியில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்டால் பயிற்சியும் வீண்.

தேனும் கருப்பட்டியும் சர்க்கரைக்கு மாற்றா?

இரண்டும் சர்க்கரைதான். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை; ருசிக்காகச் சாப்பிடுங்கள். நம் பக்கத்து ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனைத்தான் தேனீ எடுக்கிறது. அது சீக்கிரம் உறையும். உறைந்ததைக் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது.

அசுவகந்தா, மஞ்சள் கேப்சூல், லேகியம்?

குழம்பில் போடும் மஞ்சளில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு மூன்று பங்குதான், பயமே இல்லை. மிளகுச் சத்தோடு சேர்த்துச் செறிவாக்கிய கேப்சூல் வேறு விஷயம். அது ரத்தத்தில் பல மடங்கு ஏறும், கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அசுவகந்தா, சீந்தில், கிரீன் டீ சாறு மாத்திரை எல்லாவற்றிலும் இதே எச்சரிக்கை உண்டு. இயற்கையானது என்பதால் கல்லீரல் தள்ளுபடி தராது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போவது, அரிப்பு, சோர்வு தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். லேகியத்தில் பெரும்பங்கு சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டுச் சத்துமாவுக்கு நல்ல அளவு என்ன?

கேழ்வரகு 500 கிராம், சிறுபயறு 200, பொட்டுக்கடலை 200, நிலக்கடலை 100. தனித்தனியாக, வாசம் வரும்வரை இளந்தீயில் வறுத்து, நன்றாக ஆறவைத்து அரையுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கெடும். 100 கிராமில் புரதம் 15 கிராம் வரும். 40 கிராம் மாவை 200 மில்லி பாலில் காய்ச்சினால் 12 கிராம். இருபது வகைத் தானியம் போட்டால் நல்லது என்பது தவறு. தானியம் கூடக்கூடப் பயறின் பங்கு குறையும். நிலக்கடலை இருப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் காறல் வாடை வரும். கொஞ்சமாக அரையுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு முன் எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டினை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டும். சாப்பிடுகிற பொடி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் பெயரும் அளவுமாக எழுதிக் கொடுங்கள். அறுவை சிகிச்சை என்றால் அந்தத் தாளை இரண்டு வாரம் முன்பே மயக்க மருந்து தரும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.